ஒரு மேகம், சில சோழிகள், ஒரு வால் நட்சத்திரம்

சயின்ஸ் ஃபிக்ஷன் எழுத ஆசைப்படுகிற காலேஜ் பையன்களுக்குப் பொதுவாக ஒரு வியாதி உண்டு. முதல் வரியிலேயே வருஷம் 3050 ஆகிவிடும். இடம் நியூயார்க். ஹீரோ ஏதோ ஒரு கேப்டன். பட்டனை அமுக்கினால் லேசர் பாயும். எழுதுகிறவர் வசிப்பதோ புதுச்சேரி சாரத்தில்! மொட்டை மாடியில் நின்றால் மேற்கே பளிச்சென்று தெரிகிற அதே சுக்கிரனைப் பார்ப்பதற்காகக் கடல் கடந்து வந்து, பதினொன்றரை வருஷத்தைத் தொலைத்த ஒரு மனுஷர் இதே ஊரில் இருந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நியூயார்க்குக்கு டிக்கெட் எடுத்திருக்க மாட்டார்.

நல்ல விஞ்ஞானக் கதைகள் பலவற்றின் அடியில் ஒரு நிஜச் சம்பவம் இருக்கும். ஆய்வகத்திலோ கடலிலோ மலை உச்சியிலோ யாருக்கோ நடந்தது. அதை எழுத்தாளர் எடுத்து, கொஞ்சம் திருகி, வேறு இடத்தில் வைப்பார். அந்தத் திருகலை எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. உதாரணங்களுக்கு ரொம்ப தூரம் போகத் தேவையில்லை. முதல் உதாரணம் சாரத்திலிருந்து சைக்கிள் மிதித்தால் அரை மணிகூட ஆகாத தூரத்தில், கடலோரத்தில் நடந்தது.

பாவம், லெ ஜென்டி!

முழுப் பெயர் கியோம் லெ ஜென்டி. பிரெஞ்சு வானியலாளர். 1725இல் பிறந்தவர். பாரிஸ் விஞ்ஞான அகாடமியின் உறுப்பினர்.

அந்தக் காலத்து வானியலின் மிகப் பெரிய கேள்வி இது: பூமியிலிருந்து சூரியன் எவ்வளவு தூரம்? கோள்களின் தூரங்களுக்கு இடையே உள்ள விகிதம் கெப்லர் புண்ணியத்தில் தெரியும். ஆனால் ஒரு தூரமாவது மைலில் தெரிந்தால்தான் மற்றதெல்லாம் தெரியும். ஒரு விலைப்பட்டியல் முழுக்க 'இதைப்போல் இரண்டு மடங்கு, அதில் பாதி' என்றே எழுதியிருந்து, ஒரு பொருளுக்குக்கூட ரூபாயில் விலை போடாமல் விட்டால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

எட்மண்ட் ஹாலி (ஆமாம், வால் நட்சத்திர ஹாலியேதான்) 1716இல் ஒரு வழி சொன்னார். சுக்கிரன் எப்போதாவது சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நேர்கோட்டில் வரும். அப்போது சூரியத் தட்டின் மேல் ஒரு கறுப்புப் பொட்டு ஊர்ந்து போவது போலத் தெரியும். கட்டை விரலை மூக்குக்கு முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை. விரல் இடம் மாறுகிறதல்லவா? அதுபோலவே, பூமியில் வெகு தூரம் தள்ளியிருக்கும் இரண்டு இடங்களிலிருந்து பார்த்தால் சுக்கிரனின் பாதை சற்று இடம் மாறித் தெரியும். எந்த நொடியில் உள்ளே நுழைந்தது, எந்த நொடியில் வெளியேறியது என்று இரண்டு இடங்களிலும் துல்லியமாகக் குறித்துவிட்டால் சூரியனின் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், இந்தச் சம்பவம் எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு முறை வரும். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் எட்டிப் பார்க்காது. 1761, 1769. அதை விட்டால் 1874!

1760 மார்ச்சில் லெ ஜென்டி பிரான்ஸிலிருந்து கப்பலேறினார். போக வேண்டிய இடம் புதுச்சேரி. பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் நடந்துகொண்டிருந்த நேரம். மொரீஷியஸ் வரை வந்து, அங்கே மாதக்கணக்கில் காத்திருந்து, ஒருவழியாக இந்தியாவுக்குக் கப்பல் கிடைத்து மாஹே அருகே வந்தபோது செய்தி கிடைத்தது. புதுச்சேரி 1761 ஜனவரியிலேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது! கப்பல் திரும்பியது. ஜூன் 6ஆம் தேதி வந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். வானம் சுத்தமாக இருந்தது. சுக்கிரனும் ஒழுங்காகச் சூரியனைக் கடந்தது. ஆனால் ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரத்தை வைத்து நொடிக்கணக்கு எடுக்க முடியுமா? பார்த்தார். அளக்க முடியவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வீட்டுக்குத் திரும்பியிருப்பீர்கள். லெ ஜென்டி திரும்பவில்லை. எட்டு வருஷம்தானே, இருந்தே பார்த்துவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்தார்.

இந்தியப் பெருங்கடலில் சுற்றினார். மடகாஸ்கர் கரைகளை ஆராய்ந்தார். மணிலா போனார். அங்கேயே இருந்து பார்க்கலாம் என்றுகூட நினைத்தார். ஆனால் பாரிஸிலிருந்து புதுச்சேரிக்கே போகச் சொன்னார்கள். அதற்குள் சமாதானம் ஆகி ஊர் மறுபடியும் பிரெஞ்சுக்காரர்களிடம் வந்திருந்தது. 1768 மார்ச்சில் இங்கே வந்து சேர்ந்தார். ஆங்கிலேயர் இடித்துப்போட்ட கோட்டையின் இடிபாடுகள் மேல் அவருக்கு ஒரு சின்ன வானோக்கு நிலையம் கட்டிக் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களே அவருக்கு ஒரு நல்ல டெலஸ்கோப்பையும் அனுப்பிவைத்தார்கள். ஊரை இடித்த கை, கண்ணாடி கொடுத்தது!

1769 ஜூன் 4, விடியற்காலை. அதற்கு முந்தைய வாரங்களில் காலை வானம் அத்தனை தெளிவாக இருந்தது. முந்தின நாள் இரவு கவர்னரோடு சேர்ந்து வியாழனின் துணைக்கோள்களைப் பார்த்து ரசித்திருக்கிறார். நள்ளிரவு தாண்டி எழுந்து பார்த்தால்... மேகம். காற்று. சூரியன் உதித்தது, கடப்பு நடந்தது, முடிந்தது. எல்லாம் மேகத்துக்குப் பின்னால். எல்லாம் முடிந்த பிறகு, கொஞ்ச நேரத்தில் சூரியன் வெளியே வந்து நாள் முழுக்கக் காய்ந்தது. அதே நாளில் மணிலாவில் வானம் பளிங்கு மாதிரி இருந்ததாம்.

இரண்டு வாரத்துக்கு அவரால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை என்று அவரே பிறகு எழுதியிருக்கிறார்.

கதை இன்னும் முடியவில்லை. சீதபேதியில் படுத்தார். ஊர் திரும்பும் வழியில் புயலில் சிக்கினார். கடைசியில் ஒரு ஸ்பானியக் கப்பலில் ஏறி, 1771 அக்டோபரில் மலை தாண்டிப் பிரான்சுக்குள் கால் வைத்தார். போய் 11 வருஷம், 6 மாசம், 13 நாள். வீட்டில் அவர் செத்துப்போனதாக முடிவுகட்டி வாரிசுகள் சொத்தைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அகாடமியில் அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்!

வணிகவியல் மாணவர்கள் இதை ஒரு பேரேட்டில் எழுதிப் பார்க்கலாம். பற்றுப் பக்கம்: இளமை, உடம்பு, சொத்து, அகாடமி நாற்காலி, கோர்ட்டுச் செலவு. வரவுப் பக்கம்: சுக்கிரன் பற்றிய பயனுள்ள அளவு, பூஜ்யம். முழு நஷ்டம் என்று கணக்கை மூடிவிடத் தோன்றும். ஆனால் அவர் ஊர் திரும்பி இந்தியக் கடல் பயணம் பற்றி இரண்டு தடித்த தொகுதிகள் எழுதினார். காற்று, நீரோட்டம், மணிலா, மடகாஸ்கர், புதுச்சேரி, தமிழர்களின் கிரகணக் கணக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. கல்யாணம் செய்துகொண்டார், மகள் பிறந்தாள், அகாடமி இடமும் திரும்பக் கிடைத்தது. 1792 வரை வாழ்ந்தார்.

இதே 1769 கடப்பைக் கலிஃபோர்னியா தீபகற்பத்தில் பார்க்கப் போன இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஷாப் தோத்ரோஷ், அருமையாக அளவெடுத்தார். அடுத்த சில வாரங்களில் அங்கே பரவிய கொள்ளைநோயில் இறந்துபோனார். அவரைப் போன்றவர்களின் அளவுகளை வைத்துத்தான் லாலாந்து 1771இல் சூரியனின் தூரம் ஏறக்குறைய 15 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர் என்று கணக்கிட்டார். இன்று தெரிந்த தூரம் 14 கோடியே 96 லட்சம். அந்தக் காலத்துக்கு அபாரமான நெருக்கம்!

ஆனால் பாருங்கள், வெற்றி பெற்ற ஷாப்பை விடத் தோற்றுப்போன லெ ஜென்டியைத்தான் உலகம் அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. கனடாவின் மரீன் ஹன்டர் அவரை வைத்து 'டிரான்சிட் ஆஃப் வீனஸ்' என்ற நாடகம் எழுதினார். 1992இல் மேடையேறியது. 2007இல் ஆபெராவாகவும் வந்தது. கணக்குப் பாடத்தில் 'குட்வில்' என்று ஒரு சமாச்சாரம் வருமே, கண்ணுக்குத் தெரியாத சொத்து? லெ ஜென்டியின் ஐந்தொகையில் அது மட்டும் 250 வருஷமாக ஏறிக்கொண்டே இருக்கிறது.

முதல் திருகல்: இடத்தை மாற்று

ஒரு கோள் சூரியனைக் கடக்கிறது. ஒரு மனிதன் எல்லாவற்றையும் இழந்து அதைப் பார்க்கக் காத்திருக்கிறான். இந்தச் சட்டகத்தை அப்படியே தூக்கிச் செவ்வாய்க் கிரகத்தில் வைத்தால்?

ஆர்தர் சி. கிளார்க் வைத்தார். 1956லிருந்து இலங்கையில் வாழ்ந்தவர். 1971இல் வெளிவந்த அவருடைய சிறுகதை 'டிரான்சிட் ஆஃப் எர்த்'. செவ்வாயிலிருந்து பார்த்தால் பூமியும்கூடச் சூரியனைக் கடக்கும் ஒரு கறுப்புப் பொட்டுதான்! 1984 மே 11 அன்று அப்படி ஒரு கடப்பு நிகழும் என்பது வானியல் கணக்கு. கதைக்காகச் செய்த கற்பனை கிடையாது. கிளார்க் அந்த நிஜத் தேதியை எடுத்துக்கொண்டார். செவ்வாயில் விபத்தில் மாட்டிக்கொண்ட ஒரு விண்வெளி வீரன். ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது. மீட்க யாரும் வர முடியாது. ஆனாலும் அவன் டெலஸ்கோப் முன்னால் உட்கார்ந்து, தான் பிறந்த உலகம் ஒரு புள்ளியாகச் சூரியனைக் கடப்பதைக் கடைசி நொடிவரை குறித்துக்கொள்கிறான். வேலை முடிந்ததும் பாக்கின் இசையைத் துணைக்கு வைத்துக்கொண்டு சாவை எதிர்கொள்கிறான்.

1984 மே 11 வந்தது. பூமி ஒழுங்காகச் சூரியனைக் கடந்தது. செவ்வாயில் பார்க்க ஓர் ஆள்கூட இல்லை. கிளார்க்கின் ஜோசியம் அந்த விஷயத்தில் பலிக்கவில்லை. கதை மட்டும் இன்னும் செத்துப்போகவில்லை. அடுத்த வாய்ப்பு 2084 நவம்பர் 10. அப்போதாவது யாராவது அங்கே இருப்பார்களா?

கிளார்க் இந்தக் கதையில் புதிதாக எந்தக் கருவியையும் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 18ஆம் நூற்றாண்டின் டெலஸ்கோப், கடிகாரம், நோட்டுப் புத்தகம் இவைதான். இடம் ஒன்றுதான் மாறியது. ஒரு மனிதன் தன் வேலையை ஏன் கடைசிவரை செய்கிறான் என்ற கேள்வி அதனால் பத்து மடங்கு கூர்மையாகிவிட்டது.

இரண்டாம் திருகல்: பயத்தை ஊதிப் பெரிதாக்கு

1910. ஹாலி வால் நட்சத்திரம் வந்தது. அதன் வாலில் சயனோஜன் என்ற விஷ வாயு இருப்பதாக நிறமாலை ஆய்வில் தெரிந்தது. மே மாதம் பூமி அந்த வாலுக்குள் புகுந்து போகும் என்று கணக்கும் சொன்னது. போதாதா? இரண்டையும் சேர்த்து, உலகம் மூச்சுத் திணறிச் சாகப்போகிறது என்று கிளப்பிவிட்டார்கள். அந்த அபாயத்தைச் சொன்னவர் பிரெஞ்சு வானியலாளர் கமில் ஃபிளாமாரியன் என்று பத்திரிகைகள் எழுதின. வால் நட்சத்திர மாத்திரை என்று ஒன்றை விற்றுக் காசு பார்த்தவர்களும் உண்டு. (மார்க்கெட்டிங் படிப்பவர்கள் குறித்துக்கொள்ளவும் :-))

இதில் ஒரு சுவாரசியம். ஃபிளாமாரியன் விஞ்ஞானக் கதைகளும் எழுதியவர். 1894இல் வந்த அவருடைய 'உலகின் முடிவு' நாவலில் ஒரு வால் நட்சத்திரம்தான் பூமியை மிரட்டும்! கதை முதலில் வந்தது, பீதி பின்னால் வந்தது.

ஹெச்.ஜி. வெல்ஸ் 1906இலேயே இதைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்திருந்தார். அவருடைய நாவலில் வால் நட்சத்திரத்தின் வாயு பூமியின் காற்றோடு கலக்கிறது. மனிதர்கள் மயங்கி விழுகிறார்கள். எழுந்திருக்கும்போது எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். ஹாலி போன பிறகு 1913இல் கோனன் டாயில் (ஷெர்லாக் ஹோம்ஸ் ஆசாமிதான்) 'பாய்சன் பெல்ட்' எழுதினார். பூமி விண்வெளியில் ஒரு விஷ மண்டலத்துக்குள் புகுந்துவிடுகிறது. நாலைந்து பேர் மட்டும் ஆக்சிஜன் உருளைகளோடு ஓர் அறைக்குள் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக உலகம் சாய்வதைப் பார்க்கிறார்கள்.

இதே 1910இல், இதே வால் நட்சத்திரத்தை, நம்ம புதுச்சேரியிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கில அரசிடமிருந்து தப்பி 1908இல் இங்கே வந்திருந்த சுப்பிரமணிய பாரதி. அவர் எழுதிய 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்ற கவிதை இந்த ஹாலியைப் பற்றியதுதான். 'சாதாரண' என்பது அறுபது வருஷச் சுற்றில் அந்தத் தமிழ் வருஷத்தின் பெயர். வந்த விருந்தாளி மட்டும் அசாதாரணம்.

அந்தக் கவிதையில் இருக்கும் விஞ்ஞானம் இன்றைக்குப் படித்தாலும் அசத்துகிறது. எழுபத்தைந்து வருஷத்துக்கு ஒரு முறை வரும் அதன் வழக்கம், வால் மிக மெல்லிய வாயுவால் ஆனது என்பது, அது பூமியைத் தொட்டாலும் ஒன்றும் செய்யாது என்று அறிஞர்கள் சொல்வது, எல்லாம் இருக்கின்றன. பாரிஸும் நியூயார்க்கும் பீதியில் கிடந்த நேரத்தில், ஒற்றர்கள் பின்தொடர வாழ்ந்த ஓர் அகதிக்கவி நிதானமாகச் சரியான தகவலைக் கவிதையாக்கியிருக்கிறார். கூடவே ஒரு வருத்தத்தையும் வைத்திருக்கிறார். நம் முன்னோர் நூல்களை மறந்துவிட்டு, இதன் இயல்பை அந்நியர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம்.

அந்த வருத்தத்தில் எவ்வளவு நியாயம் இருந்தது? அதைத் தெரிந்துகொள்ள இன்னும் 85 வருஷம் பின்னால், இதே ஊருக்குள் போக வேண்டும். அதற்கு முன் மூன்றாவது திருகல்.

மூன்றாம் திருகல்: சமன்பாட்டுக்குள் ஆளை இறக்கு

லெ ஜென்டி வந்த கப்பல் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. 1930இல் ஒரு கப்பல் எதிர்த்திசையில் பம்பாயிலிருந்து புறப்பட்டது. அதில் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த 19 வயதுப் பையன் ஒருவன். பெயர் சந்திரசேகர். கப்பல் பயணத்தில் அவன் போட்ட கணக்கு, ஒரு வெண்குறு நட்சத்திரத்தின் எடைக்கு உச்சவரம்பு உண்டு என்றது. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் நட்சத்திரம் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் நசுங்கும். எதுவரை? அங்கேதான் தகராறு.

1935 ஜனவரியில் லண்டனில் ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் சந்திரசேகர் இதைச் சொன்னார். அவருக்கு அடுத்துப் பேசிய எடிங்டன், அந்தக் காலத்து வானியலின் சக்கரவர்த்தி, சபையே சிரிக்கும்படி அதைக் கிண்டலடித்தார். ஒரு நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை விடாது என்பது அவர் கட்சி. இயற்கை விட்டது! சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1983இல். இந்த ஒரு சம்பவத்திலேயே நாடகம், நாவல், சினிமா எல்லாம் இருக்கின்றன.

அந்த அபத்தமான வஸ்து கருந்துளை. அதை வைத்து இந்தியாவில் கதை எழுதியவர் ஜெயந்த் நார்லிகர். கேம்பிரிட்ஜில் ஃப்ரெட் ஹாயிலிடம் படித்தவர். ஹாயில் யார்? அறிவுள்ள ஒரு வாயு மேகம் சூரியனை வந்து மறைப்பதாக 'த பிளாக் கிளவுட்' என்று 1957இல் நாவல் எழுதிய வானியலாளர். (மறுபடியும் மேகம்! லெ ஜென்டி படித்திருந்தால் தலையில் கை வைத்திருப்பார்.)

குரு எழுதினால் சிஷ்யன் சும்மா இருப்பாரா? 1974இல் மராத்தி விஞ்ஞானப் பரிஷத் ஒரு கதைப் போட்டி நடத்தியது. நார்லிகர் அப்போதே பிரபல விஞ்ஞானி. பெயரைப் பார்த்துப் பரிசு கொடுத்துவிடக் கூடாதே என்று, தன் முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டு 'நாராயண் விநாயக் ஜகதாப்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். கையெழுத்தும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று மனைவி மங்களாவை எழுதச் சொல்லி அனுப்பினார். கதையின் பெயர் 'கிருஷ்ண விவர்', அதாவது கருந்துளை. முதல் பரிசு! 2025 மே மாதம் அவர் காலமாகும்வரை அவருடைய விஞ்ஞானக் கதைகளுக்குத் தனி வாசகர் கூட்டம் இருந்தது.

இதிலிருந்து எழுதுகிறவர்களுக்குக் கிடைக்கும் பாடம்: சமன்பாட்டை யாரும் கதையாகப் படிக்க மாட்டார்கள். கருந்துளைக்குப் பக்கத்தில் காலம் மெதுவாக ஓடும் என்பது தகவல். அங்கே போய் வந்த ஒருவன் வீட்டுக் கதவைத் தட்டும்போது யார் வந்து திறப்பார்கள் என்பது கதை. லெ ஜென்டி வீட்டுக் கதவை இந்தக் கண்ணோடு பாருங்கள். அவரும் அப்படித்தானே வந்து தட்டினார்? வெளிச்ச வேகத்தில் பறக்காமலேயே!

சோழி வைத்துக் கணக்குப் போட்டவர்

இப்போது அந்த 85 வருஷம்.

புதுச்சேரியில் காத்திருந்த காலத்தில் லெ ஜென்டி, தமிழர்கள் கிரகணத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்டுப் படித்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை வைத்துச் சோதித்தும் பார்த்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவு. ஐரோப்பாவின் நவீன அட்டவணை, டோபியாஸ் மேயருடையது, 68 விநாடி அதிகம்! இந்த ஒரு கிரகணத்தில் நம்மவர் ஜெயித்துவிட்டார்.

1825. ஜான் வாரன் என்ற அதிகாரி. பிறப்பால் பிரெஞ்சுக்காரர், வேலை ஆங்கிலேயரிடம், சென்னை வானோக்கு நிலையத்தைச் சில வருஷம் கவனித்தவர். இந்தியப் பஞ்சாங்க முறைகளைப் பற்றி 'கால சங்கலித' என்ற பெரிய நூல் எழுதினார். அதற்காகப் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைப் பிடித்தார். சாமிநாதன் சேஷய்யா என்று நாம் படிக்கக்கூடிய ஒரு பெயரை ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கிறார். வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணக்கிட முடியுமா என்று கேட்டார்.

பேப்பர் இல்லை. பேனா இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார் அவர். அட்டவணைகள் எல்லாம் மனசுக்குள், வாக்கியங்களாக. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. வாக்கியத்தைச் சொன்னால் எண் வந்து விழும். நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். சந்திரனுக்கு 248 நாளைக்கு 248 வாக்கியம். சோழிகளைக் கூட்டி, கழித்து, நகர்த்தி, 1825 மே 31 இரவு நிகழ வேண்டிய கிரகணத்தைச் சொன்னார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்தான் பிசகு.

இதைவிட ஆச்சரியமான தகவல், வாரன் கூடவே எழுதியது. அந்தப் பஞ்சாங்கக்காரருக்குக் கணக்குக்குப் பின்னால் உள்ள வானியல் கோட்பாடு தெரியாதாம். ஏன் வருகிறது என்று தெரியாது. எப்படி வரவழைப்பது என்று தெரியும். 1952இல் ஆட்டோ நியூகெபவர் என்ற வரலாற்றறிஞர் இந்தத் தமிழ் முறையை ஆராய்ந்தார். அதன் வேர்கள் பழைய கிரேக்க, பாபிலோனிய வானியல் வரை போவதைக் காட்டினார். அந்த நூல் போனாலும், அந்த அரசுகள் போனாலும், புதுச்சேரியின் ஒரு தரையில் சோழிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன.

விஞ்ஞானக் கதைக்கு இதைவிட என்ன கரு வேண்டும்? அர்த்தம் தெரியாமல் சரியான விடை தருகிற ஒரு மூளை! 1980இல் ஜான் சியர்ல் என்ற தத்துவப் பேராசிரியர் 'சீன அறை' என்று ஒரு கற்பனை சொன்னார். சீனமே தெரியாத ஒருவன் அறைக்குள் உட்கார்ந்து, விதிப்புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் சீன மொழியில் சரியான பதில் எழுதித் தருகிறான். அவனுக்குச் சீனம் 'தெரியும்' என்று சொல்லலாமா? கம்ப்யூட்டர் யோசிக்கிறதா இல்லையா என்ற சண்டையில் இன்றுவரை இந்த அறை இழுபடுகிறது. பீட்டர் வாட்ஸ் 2006இல் இதை வைத்து 'பிளைண்ட்சைட்' நாவலில் வேற்றுக்கிரக ஜீவன்களையே படைத்தார். சியர்ல் கற்பனை செய்ததற்கு 155 வருஷம் முன்பே, நம் ஊரில் சோழிகளோடு அதற்குக் கிட்டத்தட்ட நிஜமாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

கடன் வாங்கிய விதிகளால் விடை சொல்வது எப்போது யோசனையாக மாறும்? தமிழில் அந்தக் கேள்விக்கு நாலு கால் வைத்து ஓடவிட்டவர் சுஜாதா. 1980களில் விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா'வின் ஜீனோ, ஓர் இயந்திர நாய். புத்தகம் படிக்கும், யோசிக்கும், எஜமானியைவிடக் கெட்டிக்காரத்தனமாகப் பேசும். சுஜாதா பெங்களூரில் மின்னணு இன்ஜினியர். வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கு பெற்றவர். பகலில் செய்த வேலையின் நிழல்தான் இரவில் எழுதிய கதை. (சுஜாதா மறைந்தது 2008 பிப்ரவரி 27. கிளார்க் மறைந்தது அதே ஆண்டு மார்ச் 19. ஒரு மாசத்துக்குள் இரண்டு பேரும்!)

கடன் திரும்பி வருகிறது

விஞ்ஞானம் கதைக்குக் கொடுப்பது மட்டுமே நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். கதையும் சில நேரம் வட்டியோடு திருப்பிக் கொடுக்கும். கிளார்க் 1973இல் எழுதிய 'ரான்டவூ வித் ராமா' நாவலில் ஒரு விண்கல் 2077இல் இத்தாலியைத் தாக்குகிறது. அதன் பிறகு வானத்தைக் காவல் காக்க 'ஸ்பேஸ்கார்டு' என்ற திட்டம் அமைக்கிறார்கள். 1992இல் நாசாவுக்காகத் தயாரிக்கப்பட்ட நிஜமான விண்கல் கண்காணிப்பு அறிக்கைக்கு அதே பெயரை வைத்தார்கள். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையில் காவலூர் வானோக்கு நிலையத்திலும் அப்படி ஒரு தேடல் நடந்தது. அதற்குப் பெயர் 'கல்கி'! அதில் 1988 பிப்ரவரியில் ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்கு ராமானுஜன் என்று பெயர். எண் 4130.

ஆக, விஞ்ஞானக் கதை எழுத பி.எஸ்.சி. பிசிக்ஸ் தேவையா? பி.காம். படித்துக்கொண்டே எழுதலாம். பாரதி எந்த வானோக்கு நிலையத்திலும் வேலை பார்க்கவில்லை. தேவை இரண்டு: தகவலைச் சரியாகத் தெரிந்துகொள்ளும் பொறுமை, அந்தத் தகவலுக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதனின் முகத்தைப் பார்க்கிற கண். முதலாவது இல்லாமல் எழுதினால் மந்திரக் கதை ஆகிவிடும். இரண்டாவது இல்லாமல் எழுதினால் கைடு புத்தகம் ஆகிவிடும்.

கரு வேண்டுமென்றால் ஒன்று இலவசமாக இருக்கிறது. சுக்கிரன் 2004 ஜூன் 8, 2012 ஜூன் 6 என்று இரண்டு முறை சூரியனைக் கடந்துவிட்டுப் போய்விட்டது. அடுத்தது 2117 டிசம்பர். இதைப் படிக்கிற யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. இந்தியாவில் சூரியன் உதிக்கும்போது கடப்பு ஏற்கெனவே ஆரம்பித்திருக்கும், மீதியைப் பார்க்கலாம். சாரத்தில் ஏதோ ஒரு மொட்டை மாடியில், 2117இல், யாரோ ஒரு பெண் டெலஸ்கோப்பைக் கிழக்கே திருப்பி வைத்துக்கொண்டு விடியலுக்காகக் காத்திருப்பாள். 248 வாக்கியங்களையும் மனப்பாடம் செய்த ஓர் இயந்திரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

ஆனால் ஒன்று. அது டிசம்பர் மாசம். வடகிழக்குப் பருவமழைக் காலம். புதுச்சேரியில் அந்த மாசத்தில் வானம் எப்படி இருக்கும் என்று இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

மேகம் விலகுமா? அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.